மடிப்பில் நடந்த கல்யாணம்

“கணவரின் இசைவு இல்லாமல் பணியிடம் ஒதுக்க இயலாது.”

திரையில் இந்த வரியைப் பார்த்ததும், வேறு யாருக்கோ போகவேண்டிய பதில் தனக்கு வந்துவிட்டது என்றுதான் குழலி நினைத்தாள். அடையாள வில்லையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து மறுபடியும் வைத்தாள். அதே வரி வந்தது. இந்த முறை கூடவே ஒரு பெயரும் வந்தது. கணவர்: அதியன், வத்தலக்குண்டு.

“எனக்குக் கல்யாணமே ஆகலைங்க,” என்றாள்.

பணி ஒதுக்ககத்தின் முகப்பில் இருந்த அலுவலர் பொறுமைசாலி. “ஆயிருக்கேம்மா. நாலு வருஷம் ஆச்சு. விரிச்சுக் காட்டவா?”

“காட்டுங்க.”

மேசையில் இருந்த விரிப்பி இயந்திரம் லேசாக முனகியது. திரையில் வத்தலக்குண்டு கல்யாண மண்டபம் எழுந்தது. மணவறையில் குழலி உட்கார்ந்திருந்தாள். அதே அரக்குச் சேலை, அதே நெற்றிச்சுட்டி, சந்தேகமே இல்லாமல் அவளேதான். கெட்டிமேளம் முழங்க அதியன் தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சை அவனுடைய அக்கா போட்டாள். அட்சதை விழுந்தது. குழலி தலையைக் குனிந்து வெட்கப்பட்டாள். அவளுடைய அப்பா கவினேசன் பக்கத்தில் நின்று ஆனந்தக் கண்ணீரைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

நடந்தது வேறு. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் பழசு என்று மாப்பிள்ளையின் அப்பா சத்தம் போட ஆரம்பித்தார். கவினேசனை மணவறை முன்னால் வரவழைத்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கவினேசன் கேட்டார். காதில் விழவில்லை என்றார் அந்த மனிதர். கவினேசன் மறுபடியும் கேட்டார். அப்போதுதான் அவர் அழுதார். அதியன் ஹோமப் புகையையே பார்த்துக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

குழலி மாலையைக் கழற்றி அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். “எங்கப்பாவ இப்படி நிக்க வச்ச வீட்டுக்கு நான் வரமாட்டேன்” என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய சொந்தப் பெரிய மாமாவே மேளக்காரர்களைப் பார்த்து விரலைச் சுழற்றினார். கெட்டிமேளம், கெட்டிமேளம். மணவறையில் ஒரு தும்மல், ஓர் அழுகை, ஓர் அபசகுனப் பேச்சு காதில் விழுந்துவிடக் கூடாது என்றால் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற காரியம் அதுதானே. மேளம் அவள் குரலை விழுங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே அவள் படியிறங்கி வெளியே நடந்தாள். அதற்குப் பிறகு சென்னை, மேல்படிப்பு, பயிற்சி. நின்றுபோன தன் கல்யாணத்தை யார் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அவள் பார்க்கவில்லை.

“ரொம்ப நல்லாப் பண்ணியிருக்காங்க,” என்றார் அலுவலர். “மாசக் கடைசிக்குள்ள அவரோட இசைவைக் கொண்டுவந்துருங்க. இல்லேன்னா தூத்துக்குடி இடம் அடுத்த ஆளுக்குப் போயிரும்.”

தூத்துக்குடி கடல்நீர்ப் பண்ணையில் குழாய்ப் பொறியாளர் வேலை. குழலி அதற்காகத்தான் இத்தனை வருஷம் படித்தாள். தூரத்து ஊருக்கு வேலைக்குப் போகும் கணவனோ மனைவியோ, மற்றவரின் இசைவைக் காட்ட வேண்டும் என்பது விதி. விதி இருவருக்கும் பொது. ஆனால் மனைவி இசையவில்லை என்று எந்த ஆண்பிள்ளையையாவது முகப்பிலிருந்து திருப்பி அனுப்பியதாக இதுவரை தகவல் இல்லை.

*

இந்த வினை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு காலத்தில் மக்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பதிவு செய்தார்கள். இட்லியைப் பதிவு செய்தார்கள், இட்லி தின்பதைப் பதிவு செய்தார்கள். அத்தனையையும் வைத்திருந்த சேமிப்பகங்கள் சூடாகிக் கொதித்தன. அவற்றைக் குளிரவைப்பதற்கே ஆறுகள் போதவில்லை. குடிக்கத் தண்ணீரா, கோப்புகளுக்குத் தண்ணீரா என்று தெருவில் சண்டை வந்த பிறகுதான் மடிவகம் என்ற நிறுவனம் மடிப்பியைக் கொண்டுவந்தது.

பழைய சுருக்கும் முறைகள் ஒரு கோப்புக்குள் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் ஒருமுறை வைத்துக்கொள்ளும். மடிப்பியோ நாட்டிலுள்ள எல்லாருடைய கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தது. ஒரு கல்யாணத்துக்கும் இன்னொரு கல்யாணத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம்? அதே மேளம், அதே அட்சதை, அதே சித்தப்பா. ஒன்றை மட்டும் பொதுமம் என்ற பெருங்கிடங்கில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் கோப்பில் உங்கள் முகம், சேலை நிறம், மண்டபத்தின் பெயர், அப்புறம் ‘வழக்கம்போல்’ என்று ஒரு சின்னக் குறி. விரிப்பி அந்தக் குறியைப் படித்து, பொதுமத்திலிருந்து எடுத்து, உங்கள் முகத்தை ஒட்டி முழுக் கல்யாணத்தையும் காட்டிவிடும்.

ஒரு குடும்பத்தின் ஆயுள் முழுவதும் கடுகளவு வில்லையில் அடங்கியது. டொரன்டோவில் இருக்கும் அத்தைக்குக் கல்யாணம் முழுவதையும் கண் சிமிட்டுவதற்குள் அனுப்ப முடிந்தது. ஆறுகளில் தண்ணீர் ஓடியது, அதையும் மறுக்க முடியாது. அரசாங்கம் சந்தோஷப்பட்டுச் சட்டமே போட்டது. எந்தக் கோப்பையும் ஒரு மாதத்துக்கு மேல் மடிக்காமல் வைத்திருக்கக் கூடாது. மூலத்தைக் கரைத்துவிட வேண்டும். விரிப்பில் கல்யாணம் தெரிந்தால் பதிவகம் தானாகவே மணப்பதிவு செய்துகொள்ளும். விரிப்பும் மனித நினைவும் முரண்பட்டால் விரிப்பே செல்லும்.

யாரும் முணுமுணுக்கவில்லை. விரித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் தங்கள் கல்யாணம் முன்னைவிட அழகாகத் தெரிந்தது.

*

வீட்டுக்கு வந்து குழலி அப்பாவிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் கொதித்துப்போவார் என்று எதிர்பார்த்தாள். கவினேசன் முழுவதையும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

“என்னப்பா நல்லாருக்கு?”

“நான் சிரிச்ச மாதிரி இருக்கேன்ல. நாலு வருஷமா கண்ண மூடுனா அந்த ஆளு ‘காதுல விழல’ன்னு சொன்னதுதான் வருது. இதையே நாலு தடவை பாத்தா அது போயிரும்போலத் தெரியுது.”

குழலிக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. “எனக்காகச் சாட்சி சொல்ல வர்றீங்களா, இல்லையா?”

“அத்தனை பேரு முன்னாடி அதை மறுபடியும் சொல்லணுமாத்தா?” என்று கேட்டுவிட்டுக் கவினேசன் எழுந்து உள்ளே போனார்.

வேறு சாட்சிகளைத் தேடினாள். மண்டபத்தில் அன்றைக்கு அறுநூறு பேர் இருந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் முதல் பந்தியில் இருந்தார்கள். மேளம் கேட்டது, தாலி ஏறிவிட்டது என்று சாம்பாரை ஊற்றச் சொன்னார்கள். மணவறைக்குப் பக்கத்தில் நின்றவர்களும் இருந்தார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அந்த விரிப்பை ஊரெல்லாம் போட்டுக் காட்டியிருந்தார்கள். பெண் எழுந்து போய்விட்டாள் என்ற அவமானத்துக்கு அதைவிட நல்ல மருந்து ஏது? கல்யாணம் நடந்தது, அப்புறம்தான் ஏதோ மனத்தாங்கல் என்று கதை கட்டினார்கள். “தாலி கட்டுனப்புறம்தானத்தா நீ எந்திரிச்ச?” என்று பெரிய மாமாவே கூசாமல் கேட்டார்.

கல்யாணத்தைப் படம்பிடிக்க வந்திருந்த பதிவுக்காரர் ரூபனைப் போய்ப் பார்த்தாள்.

“அண்ணே, நீங்க அங்கதான நின்னீங்க?”

ரூபன் தலையைச் சொறிந்தார். “பதிவி நின்னுச்சும்மா. நான் பந்திக்குப் போயிட்டேன். அடுத்து நெலக்கோட்டையில ஒரு காதுகுத்து இருந்துச்சு, சாப்பிடாமப் போக முடியாதுல்ல.”

“அப்ப தாலி கட்டுனதா யாரு குறிச்சது?”

“யாரும் குறிக்க வேணாம்மா. கெட்டிமேளம் கேட்டா அதுவே குறிச்சுக்கும். எடுக்க எடுக்கவே மடிச்சுரும். பந்தி முடிஞ்சு வந்தா வில்லை தயாரா இருக்கும். இப்பல்லாம் எல்லாருமே அப்படித்தான் செய்யறோம்.”

“மூலம்?”

“சட்டப்படி கரைச்சாச்சு. நான் ஒரு தடவைகூடப் பாக்கல. பாக்கறதுக்கு அதுல என்ன இருக்கப்போகுது?”

*

ஆவண முறையீட்டு மன்றத்தில் நடுவர் மேகலா முன்னால் வழக்கு வந்தது. மடிவகத்தின் சார்பில் வந்தவன் சாய்குமரன் என்ற பொறியாளன். நல்ல மரியாதை தெரிந்த பையன். அந்த மரியாதைதான் குழலிக்கு மேலும் எரிச்சலைக் கிளப்பியது.

“மேடம், கெட்டிமேளம் கேட்டா அடுத்தது தாலிதான். பொதுமத்துல இருக்கிற கல்யாணங்கள்ல அப்படித்தான் இருக்கு. அதனால அந்த இடத்தை மடிப்பி பார்க்கிறதே இல்ல. ‘வழக்கம்போல்’னு குறிச்சிட்டுத் தாண்டிடும்.”

“பாக்காமலே எழுதிருமா?” என்றாள் குழலி.

“எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்தா மடிக்க முடியாது மேடம். மடிக்கிறதுன்னாலே, பார்க்கத் தேவையில்லாததை விட்டுடறதுதான்.”

“அந்த எடத்துலதான் நான் எந்திரிச்சுப் போனேன்.”

“அது இரைச்சல் மேடம்.” சொன்னதும் அவனுக்கே சங்கடமாகிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தொழில்ல அப்படித்தான் சொல்லுவோம். எதோடயும் ஒத்துப்போகாம ஒரு சின்னத் துண்டு வந்தா அதுக்கு இரைச்சல்னு பேரு. துடைச்சாத்தான் படம் சுத்தமா வரும்.”

குழலி நடுவரைப் பார்த்துத் திரும்பினாள். “கேட்டுக்கங்கம்மா. நான் பேசுனது இரைச்சலாம். என் பேச்சை அமுக்கறதுக்காக அடிச்ச மேளம் சாட்சியாம். எங்கப்பா அவமானப்பட்டு அழுத கண்ணீரு சந்தோஷமாம். இதை ஒரு மனுஷன் சொல்லியிருந்தா அவன் சட்டையப் பிடிச்சுருப்பேன். இதுக்குச் சட்டையும் இல்ல.”

அடுத்து அதியனைக் கூப்பிட்டார்கள். அவன் சாட்சிக் கூண்டில் ஏறி அமைதியாகச் சொன்னான். “கட்டுனேன். மூணாவது முடிச்ச அக்கா போட்டுச்சு. என் விரல்ல மஞ்சள் ஒட்டியிருந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்கு.”

அவன் பொய் சொல்லியிருந்தால் குழலிக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவன் பொய் சொல்லவில்லை. நாலு வருஷமாக அந்த விரிப்பைப் பார்த்துப் பார்த்து, கட்டாத தாலியின் மஞ்சள் அவன் விரலில் உண்மையாகவே ஏறிவிட்டிருந்தது. புகையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த கோழையை மடிப்பி துடைத்துவிட்டு, ஒரு நல்ல மாப்பிள்ளையை அவனிடம் கொடுத்திருந்தது. யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல மனம் வரும்?

நடுவர் மேகலா சாய்குமரனிடம் கேட்டார். “இந்த மாதிரி வேற முறையீடு வந்திருக்கா?”

“மடிப்பி வந்து இத்தனை வருஷத்துல ஒரே ஒரு முறையீடுதான்மா. உலகத்துலேயே இவ்வளவு குறைஞ்ச பிழை வேற எந்த இயந்திரத்துலயும் கிடையாது.”

நடுவர் பேனாவைக் கையில் எடுத்தார். முடிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் குழலி அவசரமாகக் கேட்டாள். “அந்த ஒண்ணு என்னோடதா?”

“ஆமா மேடம்,” என்ற சாய்குமரன் கைத்திரையைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். “ஆனா தேதி... ஆறு வருஷத்துக்கு முன்னாடி போட்டிருக்கு.”

“அப்ப நான் காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தேன். என்னைப் பொண்ணு பாக்கக்கூட யாரும் வரல. நடக்காத கல்யாணத்தைப் பத்தி அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடியே எப்படி முறையிட்டேன்?”

நடுவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. “சாய்குமரன், முறையீடுகளையும் மடிக்கிறீங்களா?”

“எல்லாக் கோப்பையும் மடிக்கணும்கிறது சட்டம்மா.”

“ஒரே மாதிரி இருந்தா?”

“ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததுக்கெல்லாம் அதைச் சுட்டிக் காட்டிருவோம்.”

“இந்த ஒண்ணை எத்தனை பேரு சுட்டிக்கிட்டிருக்காங்க?”

அவன் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, திரையிலேயே இருந்தது. “நாற்பத்தோராயிரம்மா.”

நடக்காத கல்யாணம், விற்காத நிலம், சொல்லாத சாட்சி, கொடுக்காத மன்னிப்பு. நாற்பத்தோராயிரம் பேர் வாய்விட்டுக் கத்தியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி கத்தியதால் ஒருவர் கத்தியதாகக் கணக்கு. தனியாக ஒன்றைச் செய்தால் இரைச்சல் என்று துடைக்கிறார்கள், பல பேர் சேர்ந்து செய்தால் ஒன்று என்று மடிக்கிறார்கள். பின்னே மனிதன் எப்படித்தான் பேசுவது என்று குழலி கேட்டாள்.

நடுவர் மேகலா அந்த இடத்திலேயே தீர்ப்பைச் சொன்னார். தாலி கட்டப்படவில்லை. மணப்பதிவு செல்லாது. மடிவகம் குழலியிடம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். குழலி மன்றத்தைவிட்டு வெளியே வந்து, நிழலில் நின்று, ஆசைதீர அழுதாள்.

*

மறுநாள் பதிவகத்தில் தீர்ப்பை விரித்தார்கள்.

திரையில் நடுவர் மேகலாவே தோன்றினார். அவருடைய குரலிலேயே, அவருக்கே உரிய அந்தச் சின்ன இருமலோடு, சொன்னார். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. சிறு மனத்தாங்கலைப் பெரிதுபடுத்தாமல் இருவரும் சேர்ந்து வாழ அறிவுறுத்தப்படுகிறது. அதன்பின் அதியனும் குழலியும் சேர்ந்து நின்று வணங்க, கவினேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவர் தலையிலும் கை வைத்தார். அந்த மன்றத்தில் இதுபோன்ற வழக்குகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்திருந்தன. வழக்கம்போல்.

குழலி ஆட்டோ பிடித்து மன்றத்துக்கு ஓடினாள். நடுவர் தன் அறையில் அதைப் போட்டுப் பார்த்தார். முதலில் அவர் முகம் சிவந்தது. ஒரு தாளை எடுத்துக் கையாலேயே தீர்ப்பை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். பதிவகத்தில் அந்தத் தாளை வருடியில் வைத்தார்கள். விரித்தபோது அதே கையெழுத்து, அதே நீல மை, அதே முத்திரை. மனு தள்ளுபடி.

மறுபடியும் வந்து நின்ற குழலியை நடுவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “உக்காருங்க,” என்றார். “விரிப்புக்கும் நினைவுக்கும் முரண்பாடு வந்தா விரிப்புத்தான் செல்லும். இந்த விதிய வச்சுத்தான் நான் எத்தனையோ பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்களும் இதே எடத்துல இப்படித்தான் நின்னாங்க. ஞாபகம் தப்பும்மா, பதிவு தப்பாதுன்னு அவங்களுக்குப் புத்தி சொன்னேன்.”

“உங்களுக்கு என்னம்மா ஞாபகம் இருக்கு? அதைச் சொல்லுங்க.”

நடுவர் அந்த விரிப்பை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். “உங்க பக்கம் சொன்னதாத்தான் நேத்து வரைக்கும் இருந்துச்சு,” என்றார். “இது என் குரல்தானே?”

அதற்கு மேல் அங்கே நின்று பயனில்லை என்று குழலி கிளம்பிவிட்டாள்.

*

இரண்டு நாள் கழித்து, தீர்ப்பை எடுத்துக்கொண்டு அதியன் வந்தான். புதுச் சட்டை, பழக்கூடை, சட்டைப் பொத்தானில் வழக்கமான பதிவி. கவினேசன் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்று பார்த்தார்.

“மாமா, தீர்ப்பு வந்துருச்சு. குழலிய அழைச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“எந்தத் தீர்ப்பு?”

“என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான எங்கள ஆசீர்வாதம் பண்ணீங்க?” அதியன் கைத்திரையைக் கம்பிக்கு இடையில் நீட்டிக் காட்டினான்.

கவினேசன் பார்த்தார். திரையில் அவரே மன்றத்தில் நின்று, மகள் தலையில் கை வைத்து, நிறைந்த மனத்தோடு அழுதுகொண்டிருந்தார். கல்யாண விரிப்பை நாலு தடவை போட்டுப் பார்க்க ஆசைப்பட்ட மனிதர், இதை ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்கவில்லை.

“நான் அங்க வரவே இல்லடா,” என்றார். “அன்னைக்கு இந்த வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். எம் புள்ளைக்குச் சாட்சி சொல்லத் துப்பில்லாம உக்காந்திருந்தேன். அந்தத் துப்புக்கெட்டவன்தான் நான். இவன் யாரு?”

“மாமா, சத்தம் போடாதீங்க. பதிவாகுது.”

“ஆகட்டும். உங்கப்பன்கிட்ட மன்னிப்புக் கேட்டது நான். அழுதது நான். எங்கிட்ட இருந்ததே அந்த அழுகைதான். அதையும் புடுங்கிட்டு எவனோட சிரிப்பையோ ஒட்டி வச்சிருக்காய்ங்க. நல்லாருக்குன்னு நானும் பல்லக் காட்டுனேன் பாரு.” அவர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அதியன் பின்வாங்கினான். “நீ நேர்லதான நிக்கிற? கண்ணால பாரு, காதால கேளு. நீ தாலி கட்டல. எம் மக உனக்குப் பொண்டாட்டி இல்ல. வெளிய போ.”

பழக்கூடை தெருவில் போய் விழுந்தது. கேட் அடித்துச் சாத்தப்பட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குக் கவினேசன் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். குழலி எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அப்பா கிடைத்திருந்தார்.

*

மாதத்தின் கடைசி நாளில் பணி ஒதுக்ககத்திலிருந்து தகவல் வந்தது. ஒதுக்கீடு உறுதி, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். கடைசியில் எங்கோ ஒரு மனிதர் தன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார் என்று நம்பித்தான் குழலி போனாள். கவினேசனும் கூட வந்து வெளியில் வேப்பமர நிழலில் நின்றார்.

அதே அலுவலர், அதே பொறுமை. “வாழ்த்துகள்மா. இசைவு வந்துருச்சு.”

“யாரு குடுத்தா?”

“நீங்களே பாருங்க.”

திரையில் அவர்கள் வீட்டு கேட் தெரிந்தது. கவினேசன் சொம்பில் தண்ணீரோடு மாப்பிள்ளையை வரவேற்றார். உள்ளே தலைவாழை இலையில் பிரியாணி பரிமாறினார். போதும் போதும் என்று அதியன் கையைக் குறுக்கே வைக்க, அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தார். கை கழுவி வந்த அதியன் குழலியைப் பார்த்து, “தூத்துக்குடிக்குப் போயிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்,” என்றான். குழலி தலையைக் குனிந்து வெட்கப்பட்டாள்.

பழக்கூடையோடு மாப்பிள்ளை, வாசலில் மாமனாரின் உரத்த குரல், சாத்தப்படும் கேட். பொதுமத்தில் இதற்குப் பெயர் மாப்பிள்ளை விருந்து. வேலை கிடைத்த பெண்ணின் வீட்டு விருந்து என்றால் அந்த வழியனுப்பும் சேர்ந்தே வரும்.

“அவரு இதைச் சொல்லவே இல்ல,” என்றாள் குழலி.

“எதுக்கும் இருக்கட்டும்னு அவர்கிட்டயும் கேட்டுட்டோம்மா. ஆமா, விருந்தன்னைக்குச் சொன்னேன்னாரு. மாமா கையால சாப்பிட்டது மனசுக்கு நெறைவா இருந்துச்சாம்.”

“எனக்குக் கல்யாணமே ஆகலைங்க,” என்றாள் குழலி மறுபடியும்.

அலுவலர் அவளை உண்மையான பரிவோடுதான் பார்த்தார். “அப்ப இந்த இசைவு செல்லாதுன்னு போட்டுரவா? போட்டா இடம் போயிரும். கல்யாணம் மட்டும் அப்படியே இருக்கும். அது என் கையில இல்லை.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “நல்ல மனுஷனாத் தெரியறாரு. பேசாம வாங்கிக்கிட்டுப் போம்மா.”

ஒதுக்கீட்டு ஆணை திரையில் ஒளிர்ந்தது. பெயர்: குழலி அதியன். அதற்குக் கீழே பெருவிரல் வைக்க ஒரு வட்டம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெளிந்தார்கள். குழலி அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேண்டாம் என்று அவள் எழுந்து போனதை ஓர் இயந்திரம் துடைத்தது. அதை அவள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் தன் கையால். இந்த ரேகை மட்டும் பொதுமத்திலிருந்து வராது, அவளுடைய சொந்த ரேகையாகவே இருக்கும்.

அவள் விரலை வைத்தாள். ஆணை உடனே மடிந்து, கடுகளவு வில்லையாக அவள் உள்ளங்கையில் விழுந்தது.

வெளியே கவினேசன் வேகமாக எதிரில் வந்தார். “என்னாத்தா சொன்னாய்ங்க?”

“போகச் சொல்லியாச்சுப்பா.”

“யாரு சொன்னது?”

குழலி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வில்லையைப் பைக்குள் போட்டாள்.

“எம் புருஷன்,” என்றாள்.